எம்.டி.எஸ். சேர விரும்பும் பல் மருத்துவர்களுக்கு: விண்ணப்பம் முதல் ஆய்வுச் சுருக்கம் வரை

பல் மருத்துவ இளநிலைப் பட்டமான பி.டி.எஸ். முடித்து முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ். சேர நினைக்கும் இளம் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் நீட் எம்.டி.எஸ். எனப்படும் நுழைவுத் தேர்வுக்கு மட்டுமே ஆயத்தமாகிறார்கள். தேர்வுக்கு முன்னும் பின்னும் வரும் சான்றிதழ், கலந்தாய்வு, கட்டணம் ஆகியவற்றை அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பாதையைத் திணறித்தான் நானும் கடந்தேன். நல்ல தரவரிசை பெற்றும், ஒரே ஒரு தாள் உரிய நாளில் கையில் இல்லாததால் விரும்பிய துறையை இழந்தவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். படித்துப் பெற்ற இடம் தேதி தவறியதால் கைவிட்டுப் போவது மிகவும் கொடுமையானது. அது உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பி.டி.எஸ். படித்தவர்களை மனத்தில் கொண்டு எழுதினாலும், பெரும்பகுதி இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்று. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. இங்கே உள்ள தொகைகளும் நடைமுறைகளும் அண்மை ஆண்டுகளுக்கு உரியவை. நீங்கள் எழுதும் ஆண்டின் தகவல் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். சீனியர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்று எதையும் முடிவு செய்யாதீர்கள்.

1. பயிற்சி முடியும் தேதியைக் கணக்கிடுங்கள்

எம்.டி.எஸ். என்பது மூன்றாண்டு முழுநேரப் படிப்பு. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் பெற்ற பி.டி.எஸ். பட்டம், ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்), மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு ஆகிய மூன்றும் வேண்டும். தேர்வு எழுதும் நாளில் பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கையேட்டில் குறிப்பிடப்பட்ட கடைசித் தேதிக்குள் அது முடிந்தாக வேண்டும்.

முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் அனுமதிக்கப்பட்டதற்கு மேல் விடுப்பு எடுத்தால் அத்தனை நாள்கள் பயிற்சி நீட்டிக்கப்படும். அந்த நீட்டிப்பு கடைசித் தேதியைத் தாண்டினால் ஓராண்டு முழுவதும் வீணாகும். துணைத் தேர்வு எழுதித் தேறிப் பயிற்சியில் தாமதமாகச் சேர்ந்தவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சி தொடங்கிய நாளிலேயே கல்லூரி அலுவலகத்தில் முடியும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வு தேதியும் ஒரே மாதத்தில் நிற்பதில்லை. 2022இல் மே 2, 2023இல் மார்ச் 1, 2024இல் மார்ச் 18, 2025இல் ஏப்ரல் 19 என்று அது நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆகவே "சென்ற ஆண்டு இந்த மாதம்" என்ற கணக்கை நம்பிப் படிப்புத் திட்டம் போட வேண்டாம். 2023இல் இயற்றப்பட்ட தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நெக்ஸ்ட் எனப்படும் தேசிய வெளியேறும் தேர்வுக்கும் வழிசெய்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது முதுநிலைச் சேர்க்கையும் அதன் அடிப்படைக்கு மாறும். பி.டி.எஸ். தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்கள் அந்த அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும்.

2. விண்ணப்பத்தில் பெயரும் பிரிவும்

நீட் எம்.டி.எஸ். தேர்வை நடத்துவது தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம். 2025 தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் 3,500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 2,500 ரூபாய். எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களின் எம்.டி.எஸ். இடங்கள் இந்தத் தேர்வில் வராது. அவற்றுக்கு எய்ம்ஸ் ஆண்டுக்கு இரு முறை நடத்தும் ஐ.என்.ஐ.-செட் தேர்வைத் தனியாக எழுத வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா. ச" என்றும், ஆதாரில் தந்தை பெயர் விரிந்து "கவிதா சண்முகம்" என்றும், கவுன்சில் பதிவில் "ச. கவிதா" என்றும் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் வடமாநில அலுவலருக்கு அவை மூன்றும் மூன்று ஆட்களாகத் தெரியும். விண்ணப்பத்தில் பெயரைப் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற ஆவணங்களில் மாற்றம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்துங்கள். திருத்த முடியாதவற்றுக்கு "இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் எடுத்து வையுங்கள். திருத்தத்துக்கென்று பின்னர் ஒரு வாய்ப்பு தரப்படும் என்றாலும் பெயர், நாட்டுரிமை, மின்னஞ்சல், கைபேசி எண், தேர்வு நகரம் ஆகியவற்றை அதில் மாற்ற முடியாது. ஆகவே மூன்றாண்டுகளுக்கு உங்கள் கையில் இருக்கப்போகும் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர் நடத்துபவரின் மின்னஞ்சலை ஒருபோதும் தராதீர்கள்.

3. தேர்வின் அமைப்பு

மூன்று மணி நேரக் கணினித் தேர்வில் 240 வினாக்கள், மொத்தம் 960 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு ஒன்று கழியும். அடிப்படை மருத்துவப் பாடங்களும் பல் மருத்துவப் பொருள்கள், பல் உடற்கூறு ஆகியவையும் அடங்கிய முதல் பகுதியில் 100 வினாக்களுக்கு 75 நிமிடம். மருத்துவமனைப் பாடங்கள் அடங்கிய இரண்டாம் பகுதியில் 140 வினாக்களுக்கு 105 நிமிடம். முதல் பகுதியின் நேரம் முடிந்ததும் அதற்குத் திரும்ப முடியாது. மாதிரித் தேர்வுகளையும் இந்த நேரப் பிரிவோடுதான் எழுதிப் பழக வேண்டும்.

பொதுப் பிரிவில் 50ஆவது சதமானமும் (பர்சென்டைல்), பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளில் 40ஆவது சதமானமும் தகுதிக்கான எல்லை. இடங்கள் மிகுதியாகக் காலியாக இருந்த ஆண்டுகளில் இதைக் குறைத்ததும் உண்டு. எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள் உடனே மனம் தளர்ந்து ஆவணங்களை மூட்டை கட்டிவிட வேண்டாம்.

4. சான்றிதழ்களைத் தேர்வுக்கு முன்பே சேருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கல்லூரியில் சேரச் சில நாள்களே தரப்படும். அந்தச் சில நாள்களில் வட்டாட்சியர் அலுவலகத்தையும் பல்கலைக்கழகத்தையும் நகர்த்த யாராலும் முடியாது.

பொதுவாகக் கேட்கப்படுபவை: தேர்வு நுழைவுச்சீட்டு, மதிப்பெண் அட்டை, பி.டி.எஸ். அனைத்து ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் அல்லது தற்காலிகப் பட்டச் சான்றிதழ், பயிற்சி நிறைவுச் சான்றிதழ், கவுன்சில் பதிவுச் சான்றிதழ், பிறந்த தேதிக்காகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மாற்றுச் சான்றிதழ், விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தின் படிகள். பல்கலைக்கழகம் மாறிச் சேர்பவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். சேரும் பல்கலைக்கழகம் கேட்கும் தகுதிச் சான்றிதழ் தனி.

கவுன்சில் பதிவில் கவனம் தேவை. பயிற்சிக் காலத்தில் இருப்பது தற்காலிகப் பதிவு. பயிற்சி முடிந்ததும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வேண்டும்; அதற்குப் பயிற்சி நிறைவுச் சான்றிதழ் வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இந்த வரிசையில் முதல் தாள் தாமதமானால் எல்லாமே தாமதமாகும். எனவே பயிற்சி நிறைவுச் சான்றிதழுக்கான நிலுவையின்மைக் கையொப்பங்களைக் கடைசி மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். நூலகம், விடுதி, ஆய்வகம், ஒவ்வொரு துறைத் தலைவர் என்று அந்தத் தாள் சுற்றி வர வேண்டியிருக்கும். ஒரு துறைத் தலைவர் மாநாட்டுக்குப் போயிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

சாதிச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டு மாணவர்கள் மிகுதியாகச் சறுக்குவது இதில்தான். நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. என்று குறித்த நிரந்தரச் சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்குச் செல்லும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதியை நாடு முழுவதற்குமாக மத்தியக் குழு நிரப்பும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே மத்தியப் பட்டியலிலும் இருக்கும் என்று எண்ணாமல், மத்தியப் பட்டியலில் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் உள்ளது என்று பாருங்கள். சான்றிதழ் அண்மையில் பெற்றதாக இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு பெற்றது செல்லும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் மேசைகளைத் தாண்டியே வட்டாட்சியரிடம் போகும். பெற்றோரின் வருமான ஆவணங்களையும் பணி ஆவணங்களையும் முதலிலேயே இணைத்தால் திருப்பி அனுப்பப்படுவது குறையும்.

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டில் உண்டு; தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டு முறையில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

5. எந்தத் துறை, எந்தக் கல்லூரி

எம்.டி.எஸ். ஒன்பது துறைகளில் வழங்கப்படுகிறது. பல் வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிக்ஸ், வேர் சிகிச்சை அடங்கிய கன்சர்வேட்டிவ் மற்றும் எண்டோடான்டிக்ஸ், பல் கட்டுவதற்கான ப்ராஸ்தோடான்டிக்ஸ், வாய் மற்றும் தாடை முக அறுவை சிகிச்சை, ஈறு மருத்துவமான பெரியோடான்டாலஜி, குழந்தைகள் பல் மருத்துவம், வாய் மருத்துவமும் கதிரியக்கவியலும், வாய் நோய்க்குறியியல், பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்பவை அவை. கிளினிக் வைத்து நடத்த விரும்புவோர் முதல் சிலவற்றையே நாடுவதால் அவற்றுக்குப் போட்டியும் கட்டணமும் கூடுதல். ஆய்வகமும் கற்பித்தலும் பிடித்தவர், "சீட் கிடைத்தது" என்பதற்காக அறுவை சிகிச்சையில் சேர்ந்து மூன்றாண்டு இரவுப் பணியில் உழல்வதைவிட, நோய்க்குறியியலைத் துணிந்து தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. தரவரிசை அதிகமாகக் கேட்கும் துறைதான் உயர்ந்த துறை என்று யாரும் உங்களை நம்பவைக்க இடம் தராதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தத் துறையின் எம்.டி.எஸ். இடங்கள் பல் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டவையா, அனுமதி மட்டும் பெற்றவையா? புறநோயாளிகள் உண்மையில் எவ்வளவு வருகிறார்கள்? சிகிச்சைப் பொருள்களைக் கல்லூரி தருகிறதா, மாணவர் தம் பணத்தில் வாங்க வேண்டுமா? முதல் கேள்விக்கு விடை அந்த அமைப்பின் இணையதளத்தில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவரிடம் நேரில் பேசுவதே வழி. முடிந்தால் ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு நோயாளியைப்போலப் போய்ப் பதிவு வரிசையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இம்பிளான்ட், அழகியல் பல் மருத்துவம் ஆகியவற்றில் சில வாரங்களோ மாதங்களோ நடக்கும் சான்றிதழ்ப் பயிற்சிகள் திறனைக் கூட்டலாம். அவை எம்.டி.எஸ். பட்டத்துக்கு ஈடாகா, அவற்றைக் கொண்டு சிறப்பு மருத்துவர் என்று பதிவு செய்ய முடியாது.

6. இரண்டு கலந்தாய்வுகள்

அரசுக் கல்லூரி இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடாக மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. வழியே நிரப்பப்படும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களும் அதே குழுவிடம்தான். மீதியுள்ள அரசு இடங்களையும் தனியார் கல்லூரிகள் ஒப்படைக்கும் இடங்களையும் நிர்வாக ஒதுக்கீட்டையும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக் குழு (செலக்‌ஷன் கமிட்டி) நிரப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாக வராது. முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்திருப்பதால், மாநிலக் கையேட்டில் தகுதி பற்றிய பகுதியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படிப்பது அவசியம்.

எம்.சி.சி. பதிவுக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவினர் 1,000 ரூபாய்க் கட்டணமும் 25,000 ரூபாய்க் காப்புத்தொகையும் கட்ட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அவை 500, 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எல்லாருக்கும் 5,000 ரூபாயும் 2,00,000 ரூபாய்க் காப்புத்தொகையும் ஆகும். காப்புத்தொகை எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அதே கணக்குக்குத்தான் திரும்பி வரும். எனவே உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தோ பெற்றோர் கணக்கிலிருந்தோ மட்டும் கட்டுங்கள்.

சுற்றுகளின் விதிகள் இப்படிப் போகின்றன. முதல் சுற்றில் இடம் கிடைத்துச் சேராவிட்டாலும் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் காப்புத்தொகை போய்விடும். மூன்றாம் சுற்றுக்கு வந்தால் விலகும் வழி அடைபடும். கடைசிக் காலியிடச் சுற்றில் இடம் பெற்றுச் சேராதவர் காப்புத்தொகையோடு அடுத்த தேர்வு எழுதும் உரிமையையும் இழக்க நேரும். ஆகவே போகப்போக விருப்பப் பட்டியலைச் சுருக்குங்கள். உறுதியாகச் சேர முடியாத கல்லூரியை "சும்மா இருக்கட்டும்" என்று பட்டியலில் வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி, சேரும்போது கேட்கப்படும் "அடுத்த சுற்றில் மேம்படுத்த விருப்பமா" என்ற கேள்வி. ஆம் என்று சொல்லி அடுத்த சுற்றில் வேறு இடம் ஒதுக்கப்பட்டால், கையில் உள்ள பழைய இடம் அந்த நொடியே ரத்தாகிவிடும். புதிய இடம் பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்ப முடியாது. விருப்பப் பட்டியலில் இப்போதைய இடத்தைவிட உண்மையிலேயே மேலானவை மட்டும் இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

நீட் எழுதாமலே, கலந்தாய்வுக்கு வராமலே சீட் வாங்கித் தருவதாகத் தொலைபேசியில் அழைப்பவர்கள் முடிவு வந்த வாரத்தில் புற்றீசல்போல் வருவார்கள். நிர்வாக ஒதுக்கீடானாலும் வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடானாலும் நீட் தகுதியும் கலந்தாய்வும் கட்டாயம். அவர்களிடம் முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

7. பணம்

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அதற்கு ஈடாகப் படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசுப் பணி செய்ய ஒப்பந்தப் பத்திரம் கேட்கப்படலாம். மாநிலத்துக்கு மாநிலம் அதன் ஆண்டுகளும் அபராதமும் வேறுபடுகின்றன. வெளிமாநிலக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் சேர்க்கும் முன் பணிப் பத்திரம், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, மாத உதவித்தொகை ஆகிய மூன்றையும் கேட்டுவிடுங்கள். நிகர்நிலைக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் துறையைப் பொறுத்துப் பல லட்சம் ரூபாய். அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் விடுதி, கருவிகள், ஆய்வேட்டுச் செலவு, மாநாட்டுப் பதிவு என்று வந்துகொண்டே இருக்கும். எண்டோடான்டிக்ஸ் மாணவருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும், ப்ராஸ்தோடான்டிக்ஸ் மாணவருக்குத் தாடை அசைவைப் போலச் செய்து காட்டும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியும் சொந்தமாக வேண்டியிருக்கும்.

கல்விக் கடன் தேவையென்றால் தேர்வு முடிந்ததுமே வங்கி மேலாளரைப் பாருங்கள். வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்து ஈடு கேட்பார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்த்துக் கருத்து எழுதவும், மதிப்பீட்டாளர் வந்து பார்க்கவும் வாரங்கள் ஆகும். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்றாமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னும் நாளாகும். ஒதுக்கீட்டு ஆணை வந்தபின் இதைத் தொடங்கினால் முதல் தவணைக்குப் பணம் வந்து சேராது.

8. சேரும் நாள்

மூலச் சான்றிதழ்களோடு இரண்டு தொகுதி நகல்களும், எல்லாவற்றையும் வருடி எடுத்த பி.டி.எஃப். கோப்பும் கொண்டு செல்லுங்கள். மூலங்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டால், எவையெவை கொடுக்கப்பட்டன என்று பட்டியலிட்டு முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். எம்.சி.சி. வழியே சேர்பவர்கள், சேர்க்கைக் கடிதம் இணையதளம் வழியாக உருவாக்கப்பட்டதா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். கையால் எழுதித் தரும் கடிதம் செல்லாது. மாலை ஐந்து மணிக்கு இணையம் முடங்குவது வழக்கமானதால் கடைசி நாள் மாலையில் போய் நிற்காதீர்கள்.

9. முதல் ஆறு மாதம்

சேர்ந்தவுடன் பலரும் துறை வேலையில் மூழ்கி ஆய்வேட்டை மறக்கிறார்கள். சேர்ந்த ஆறு மாதத்துக்குள், ஆய்வேட்டின் திட்டமான ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் அளிக்க வேண்டும். அதற்கு முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு மாதந்தோறும் கூடும் என்பதற்கு உறுதியில்லை. முதல் மாதத்திலேயே அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தலைப்பை முடிவு செய்யுங்கள். உங்கள் துறைக்கு வாராவாரம் வரும் நோயாளிகளைக் கொண்டே முடிக்கக்கூடிய தலைப்பைக் கேளுங்கள். வெளி ஆய்வகத்துக்குக் காசு கொடுத்துச் சோதிக்க வேண்டியதென்றால் மொத்தச் செலவையும் வழிகாட்டியிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் 80 விழுக்காடு வருகை கட்டாயம். முதல் ஆண்டு முடிவில் அடிப்படை அறிவியல் பாடங்களில் முதல் பகுதித் தேர்வு வரும்; அதில் தேறாமல் மூன்றாம் ஆண்டு இறுதியில் வரும் இரண்டாம் பகுதியை எழுத முடியாது. நீட் தேர்வுக்குப் படித்த குறிப்புகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் முதல் பகுதிக்கு அவையே பாதி வேலையை முடித்துவிடும். ஆய்வேட்டை இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்னதாக அளிக்க வேண்டும் என்பதால், நோயாளித் தரவு சேகரிப்பை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முடித்துவிடுங்கள். பட்டம் கையில் வந்ததும், பி.டி.எஸ். பதிவு இருக்கும் அதே கவுன்சிலில் எம்.டி.எஸ்.ஸைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆசிரியப் பணிக்கும் சிறப்பு மருத்துவர் என்று பலகை வைப்பதற்கும் கேட்கப்படுவது அந்தப் பதிவுதான்.